ஆறிப்போன சாப்பாடு

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நாலாவது நிறுத்தம் திரிசூலம். இறங்கி எதிர்ப்பக்கம் போனால் விமான நிலையம். அந்த நாலு நிறுத்தத்தைத் தாண்டிப் பறந்துபோன பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ ஒரு தெருவில் பேச்சுக் கொடுத்தால் ‘பையன் டொரன்டோல இருக்கான்’, ‘பொண்ணு நியூஜெர்சில’ என்று சொல்லும் வீடு ஒன்றாவது தட்டுப்படும். புறப்படுவதற்கு முந்தின ராத்திரி அந்த வீடுகளில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான். கூடத்தில் வாய் திறந்து கிடக்கும் பெட்டி, கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் தராசு, பருப்புப்பொடியை எடுத்துவிட்டு இட்லித் தட்டை வைப்பதா, தட்டை எடுத்துவிட்டுப் பொடியை வைப்பதா என்கிற வாக்குவாதம்.

அப்படியொரு பெட்டியில் கடல் தாண்டிப் போன சமையல் குறிப்புப் புத்தகம்தான் ‘வெண்பா’ என்ற வீடியோ கேமின் அச்சாணி. டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, அபி என்ற வடிவமைப்பாளரின் தலைமையில் இதை உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. கணினி, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் நான்கிலும் ஆடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; ஒரு தமிழ்ப் படத்தைவிடச் சின்னது.

திரையில் முதலில் தெரிவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு சமையலறை. துப்பாக்கி கிடையாது. ஓடும் கடிகாரம் கிடையாது. மூன்று உயிர் போனால் ஆட்டம் குளோஸ் என்கிற மிரட்டலும் கிடையாது. மாவு சிந்தினால் மறுபடி ஆரம்பிக்கலாம், யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ‘கோஸி கேம்’ என்று உலகம் அழைக்கும் வகை இது. இதன் வேரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் 1996இல் ஜப்பானில் யசுஹிரோ வாடா உருவாக்கிய ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற விவசாய ஆட்டத்தில் போய் நிற்பார்கள். விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மாட்டைத் தடவிக்கொடுப்பது, அவ்வளவுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு இறுகிய நேரத்தில் ‘அனிமல் கிராசிங்’ வரிசையின் புதிய ஆட்டம் வந்து, வீட்டுக்குள் அடைபட்ட உலகம் தீவு தீவாகப் பழமரம் நட்டது. அதற்குப் பிறகு இந்த வகை எங்கே பார்த்தாலும் கண்ணில் படத் தொடங்கியது.

‘வெண்பா’வின் கதை 1988இல், கனடாவில், ஒரு காலை நேரத்தில் ஆரம்பிக்கிறது. வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. கணவர் பாவலன் வேலைக்குப் போக வேண்டும். அவருக்கு இட்லி கட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள். அம்மா கொடுத்த குறிப்புப் புத்தகம் பயணத்தில் நைந்துபோயிருக்கிறது. சில வரிகள் அழிந்திருக்கின்றன, சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துச் சமைப்பதுதான் ஆடுபவரின் வேலை. முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் இட்லித் தட்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தால் புதிர் விளங்கும். குழிகளுக்குள் பொட்டுப் பொட்டாகத் துளைகள், குழிகளுக்கு நடுவே இடைவெளிகள். அடியில் கொதிக்கும் தண்ணீரிலிருந்து கிளம்பும் ஆவி இவற்றின் வழியே மேலே ஏறினால்தான் கடைசித் தட்டும் வேகும். குழிக்கு நேர் மேலே குழி வரும்படி அடுக்கினால் கீழ் இட்லி உப்ப இடமில்லாமல் மேல் தட்டின் வயிற்றில் இடித்துத் தலை நசுங்கும். தட்டைக் கொஞ்சம் திருப்பி, கீழ்க் குழிக்கு மேலே இடைவெளி வரும்படி வைத்தால் ஆவிக்கும் வழி, இட்லிக்கும் வழி. இதை எந்த வீட்டிலும் யாரும் பாடமாக நடத்துவதில்லை. கை தானாகத் திருப்பும். சமையல் குறிப்பிலும் யாரும் எழுத மாட்டார்கள். எழுதாமல் விட்ட அந்த அசைவைத்தான் ஆட்டம் புதிராக்கியிருக்கிறது. அடுக்களைப் பக்கம் போகாமல் வளர்ந்த தமிழ்ப் பையனும் முதல் தடவை இட்லியைப் பார்க்கும் வெள்ளைக்காரரும் இங்கே ஒரே இடத்தில் முழிக்க வாய்ப்பு உண்டு. சமைக்கத் தெரிந்தவர்களுக்கோ புதிர்கள் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். இது இந்த ஆட்டத்தின் குறைதான்.

ஆட்டம் சொல்லாத இன்னொரு சிக்கலும் உண்டு. மாவைப் பொங்க வைப்பது அரிசி உளுந்தோடு ஒட்டிவரும் லூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள். அவை விடும் கரியமில வாயு உளுந்தின் கொழகொழப்பில் மாட்டிக்கொண்டு மாவைத் தூக்குகிறது. அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். மே மாதத் தாம்பரத்தில் மாவு ராத்திரி பொங்கி, காலையில் கவனிக்காவிட்டால் புளித்தே போகும். ஜனவரி டொரன்டோவில் அதே மாவு கல்லாகக் கிடக்கும். ஓவனைச் சூடாக்காமல் அதற்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, அந்தச் சூட்டில் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்துவது குளிர் நாட்டுத் தமிழ் வீடுகளின் பழைய உத்தி.

இட்லி வெந்து முடிவதற்குள் உடம்பு சரியில்லாததன் காரணம் தெரிந்துவிடுகிறது. வெண்பா கர்ப்பமாக இருக்கிறாள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தத்தளித்துக்கொண்டிருந்த தம்பதி குழந்தைக்காக அங்கேயே தங்குகிறார்கள். மகன் கவின் பிறக்கிறான். அடுத்த அத்தியாயங்களில் புட்டு வருகிறது, பிரியாணி வருகிறது. ரேடியோவில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாக மெட்டமைத்த பாடல்கள் ஓடுகின்றன. வண்ணம் எதுவும் மங்கவில்லை. ஆனால் கவின் ஆங்கிலத்தில் பேசுகிறான், அம்மா தமிழில் பேசச் சொல்கிறாள். அம்மாவும் அப்பாவும் பேசுவதில் அவனுக்குப் புரியாத சொற்கள் திரையில் மங்கலாகத் தெரிகின்றன. தமிழ் தெரிந்த ஒருவர் தமிழைப் படிக்க முடியாமல் கண்ணைச் சுருக்கும் கணம் அது. ஆட்டங்களில் இப்படி ஒன்று வாய்ப்பது அரிது.

பிறகு பாவலன் இறந்துபோகிறார். மகன் படித்து முடித்து விலகிப் போகிறான். ஒரு நாள் அவன் வருகிறான் என்று வெண்பா விருந்துச் சமையல் செய்கிறாள். அதை ஆடுபவர்தான் செய்ய வேண்டும்: தாளிக்க வேண்டும், கிளற வேண்டும், இறக்கி வைக்க வேண்டும். அவன் வரவில்லை. சாப்பாடு அப்படியே இருக்கிறது.

இங்கேதான் கோஸி கேமின் சூட்சுமம் இருக்கிறது. சினிமாவில் ஆறிப்போன சாப்பாட்டைப் பார்த்து வருத்தப்படலாம், சமைத்தவர் வேறு யாரோ. இங்கே சமைத்தது நம் கை. ஒரு மணி நேரமாக அவசரமில்லாமல், தோல்வி பயமில்லாமல் அந்தக் கையைப் பழக்கியது இதற்காகத்தானோ என்று தோன்றும். இதே விஷயத்தை இருட்டும் மழையுமாகக் காட்டியிருந்தால் ஆடுபவர் முதலிலேயே மனதைத் திடப்படுத்திக்கொண்டிருப்பார்.

உலகில் இந்த உத்திக்கு முன்னோடிகள் உண்டு. 2021இல் ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் குழு வெளியிட்ட ‘அன்பேக்கிங்’கில் வேலை ஒன்றுதான்: வீடு மாறும் ஒரு பெண்ணின் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சாமான்களை அடுக்குவது. அவள் முகத்தைக் காட்டுவதே இல்லை. ஒரு கட்டத்தில் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழைச் சட்டத்தோடு மாட்ட அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் இடமில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஆட்டம் அதை ஏற்கும். வசனம் ஒன்றுகூட இல்லாமல் அந்த உறவின் லட்சணம் தெரிந்துவிடுகிறது. கனடாவின் மான்ட்ரியலில் தண்டர் லோட்டஸ் குழு 2020இல் வெளியிட்ட ‘ஸ்பிரிட்ஃபேரர்’ இறந்தவர்களைப் படகில் ஏற்றி, பிடித்ததைச் சமைத்துப் போட்டு, கட்டியணைத்து, கடைசி வாசலுக்குக் கொண்டுவிடும் ஆட்டம். போனவர்களின் அறைகள் படகிலேயே காலியாக நிற்கும். 2017இல் வந்த ‘டோகி டோகி லிட்ரேச்சர் கிளப்’ வேறு ரகம்: பள்ளிப் பிள்ளைகளின் கவிதை மன்றம் போலத் தொடங்கி ஆளை நடுங்க வைக்கும் திகில். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருந்தாலும் பொம்மை முகங்களைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

அதோடு ஒப்பிட்டால் ‘வெண்பா’வில் அதிர்ச்சி வைத்தியம் எதுவும் இல்லை. பெயரிலேயே ஒரு குறும்பு மட்டும் இருக்கிறது, திட்டமிட்டதோ தற்செயலோ. வெண்பா யாப்பில் அடிதோறும் நான்கு சீர். கடைசி அடிக்கு மட்டும் மூன்றுதான்.

2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் சீமஸ் மெக்நாலி பெரும் பரிசும், அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் இந்த ஆட்டத்துக்குக் கிடைத்தன. பாராட்டுகளில் பெரும்பகுதி கவினின் பக்கம் நின்று எழுதப்பட்டது: வெளிநாட்டில் வளர்ந்து, மொழியைத் தவறவிட்டு, பின்னால் அம்மாவின் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளையின் கதையாக. ஆட்டத்தின் பிற்பகுதியில் புத்தகம் அவன் கைக்குத்தான் வருகிறது. அரைகுறைத் தமிழோடு அவன் அதைக் கூட்டிப் படிக்கும்போது புதிர் உண்மையிலேயே கடினமாகிவிடுகிறது.

தாம்பரத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே கண்ணில் படுவது கவின் இல்லை, வெண்பா. கடைசியில் அவள் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிடுகிறாள். மகன் அவளைத் தேடி வருகிறான்.

விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளை தாம்பரம் வீட்டுக் கூடத்தில் இதை டிவியில் போட்டு ஆடினால் குறிப்பு எதுவும் தேவைப்படாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா தட்டைத் திருப்பச் சொல்வார். புட்டுக் குழலில் மாவைப் போடப் போகும்போது, ‘அடியில ஓட்டைத் தகடு போட்டியா? இல்லன்னா மாவு பூரா தண்ணியில கொட்டும்’ என்பார். தேங்காய்த் துருவல் போதாது என்று குறையும் சொல்வார். விருந்துச் சமையல் முடிந்து எல்லாம் இறக்கி வைத்த பிறகு, திரையைப் பார்த்தபடியே, ‘வந்தானா?’ என்று கேட்பார்.