புற்றைச் சுடும் காந்தத் துகள்கள்

தாளின் மேல் இரும்புத் தூளைத் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்தினால், தூள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும். அறிவியல் வகுப்பில் நாம் அனைவரும் கண்டு மகிழ்ந்த காட்சி இது. அதே இரும்பும் காந்தமும் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும் முயற்சியில் மருத்துவருக்குத் துணை நிற்கின்றன என்றால் வியப்பாக இல்லையா?

முதலில் வெப்பத்தின் வேலையைக் காண்போம். நமது உடலின் இயல்பான வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 43 டிகிரியாக உயர்ந்து ஒரு மணி நேரம் நீடித்தால், உயிரணுக்களிலுள்ள புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். முட்டை வேகும்போது வெள்ளைக்கரு கெட்டியாவதும் புரதம் உருமாறுவதால்தான். கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருப்பதால், இரத்த ஓட்டம் அங்குள்ள சூட்டைச் சரிவர வெளியேற்றுவதில்லை. மேலும், சூடுபட்ட உயிரணு, கதிர்வீச்சினால் தனக்கு நேர்ந்த சேதத்தைச் செப்பனிடும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே இவ்விரு சிகிச்சைகளையும் சேர்த்து அளிப்பதே சிறப்பு.

ஆனால் உடலின் ஆழத்திலுள்ள கட்டியை மட்டும் சூடாக்குவது எங்ஙனம்? 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் கில்கிறிஸ்ட் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு வழி கூறினர். நிணநீர்க் கணுக்களில் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களைச் சேர்த்து, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தால் அவற்றைச் சூடாக்கிக் காட்டினர்.

பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் என்ற அறிஞரின் குழு இவ்வழியை நோயாளிகள் வரை கொண்டு வந்தது. அவர்கள் கையாண்ட துகளின் இரும்பு ஆக்சைடு மையம் சுமார் 12 நானோமீட்டர் அளவே உடையது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்! துகள்கள் கலந்த நீர்மத்தை ஊசியின் மூலம் மூளைக் கட்டிக்குள் செலுத்துவர். பின் நோயாளியைக் கருவியில் படுக்க வைத்து, வினாடிக்கு ஒரு லட்சம் முறை முன்னும் பின்னும் மாறும் காந்தப் புலத்தைச் செலுத்துவர். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம். புலம் திரும்புந்தோறும் அதனுடன் திரும்ப முயன்று, அந்த ஓயாத அலைச்சலில் வெப்பத்தை வெளியிடும். துகள் இல்லாத இடத்தில் பெரிதாகச் சூடு பிறப்பதில்லை.

இம்முறை 2010ஆம் ஆண்டு ஐரோப்பாவில் மூளைக் கட்டிகளுக்கு ஒப்புதல் பெற்றது. 2011இல் வெளியான ஆய்வில், கொடிய மூளைக் கட்டி மீண்டும் தோன்றிய 59 பேருக்கு இச்சூட்டுடன் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டது. கட்டி திரும்பியது தெரிந்த நாளிலிருந்து அவர்களுள் பாதிப்பேர் 13 மாதங்களுக்கு மேல் உயிர் வாழ்ந்தனர். முழு நலம் அன்று; ஆயினும் ஒரு குடும்பத்திற்கு ஒவ்வொரு மாதமும் பெரிதல்லவா! எனினும் இச்சிகிச்சை பெறாத வேறொரு குழு ஒப்பிட அதில் இல்லாமையால், இதனை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

இடர்களும் உண்டு. துகள்கள் கட்டி முழுவதும் சீராகப் பரவாவிடில் சில இடங்கள் சூடாகாமல் தப்பிவிடும். காந்தப் புலத்தில் உலோகம் சூடாகும் என்பதால், பல்லை அடைத்த உலோகத்தையும் முன்கூட்டியே அகற்ற வேண்டும்.

பெற்றோரும் மாணவியரும் ஒன்றை மனத்தில் கொள்வது நலம். காந்த வளையல், காந்தப் படுக்கை ஆகியவை புற்றைப் போக்கும் என்பாரை நம்பலாகாது. அசையாத காந்தம் இத்துகள்களைக்கூடச் சூடாக்காது. துகளே இல்லாத உடலில் அது என்ன செய்யும்? ஆறாத கட்டியைக் கண்டால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. சூடு எல்லா இடத்திலும் சீராகப் பரவ வழி காணும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. இயற்பியலையும் உயிரியலையும் இன்று ஊன்றிப் படிக்கும் நம்முள் ஒருத்தி நாளை அப்பணியை ஏற்கட்டும்!