படம் காட்ட மறுத்த ரிப்போர்ட்!

ராத்திரி ஏழரை மணி. அரக்கோணம் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை. மறுநாள் காலையில மினி புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தாகணும். பென் டிரைவைச் செருகி ஃபைலைத் திறந்தா... எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்கு. படம் இருக்க வேண்டிய பதினோரு இடத்துலயும் சிவப்புப் பெருக்கல் குறி!

கடை அண்ணா சிரிச்சாரு. "என்ன தம்பி, படத்தை வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

அவர் கிண்டலாத்தான் கேட்டார். ஆனா நடந்தது அதேதான்!

எங்க புராஜெக்ட், தோல்ல இருக்கிற குறைகளைப் படத்தை வெச்சே கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கணும்ங்கறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் தொழில் நடக்கிற பக்கத்துல படிச்சுட்டு வேற எதைத் தேடறது? குரோமியம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் ஈரமா, வெளிர் நீலமா இருக்கும். அதுக்குப் பேரே 'வெட் புளூ'. உண்ணி கடிச்ச தழும்பு அதுல குண்டூசி முனை அளவுதான் தெரியும். அந்தப் புள்ளி பேப்பர்ல விழலைன்னா எங்க ஆறு வார உழைப்பு காலி.

ஒரே ராத்திரி, நாலு தப்பு

முதல் தப்பு என்னோடது. வேர்டில் படம் சேர்க்கும்போது, 'இன்சர்ட்' பட்டன் பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டினா 'லிங்க் டு ஃபைல்'னு ஒண்ணு வரும். ஃபைல் சின்னதா இருக்குமேன்னு அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்போ படம் டாக்குமெண்டுக்குள்ள போகாது. படம் எங்க இருக்குங்கற முகவரி மட்டும்தான் போகும். படங்களோ ஆம்பூர் நண்பன் வீட்டு கம்ப்யூட்டர்ல!

அவனுக்கு போன் போட்டேன். அவசரத்துல வாட்ஸ்அப்ல போட்டோவாவே அனுப்பிட்டான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தானே அனுப்பும்? தழும்பு எல்லாம் மழுங்கிப்போச்சு. இது ரெண்டாவது. மறுபடி 'டாக்குமெண்ட்'னு தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னேன். அப்படியே வந்தது.

வந்ததுல அஞ்சு ஃபைல் பிஎஸ்டி! வேர்ட் தொடவே மாட்டேன்னுது. நான் புத்திசாலி மாதிரி கடைசி மூணு எழுத்தை அழிச்சுட்டு 'ஜேபிஜி'ன்னு மாத்தினேன். அரக்கோணத்துல நிக்கிற காட்பாடி ரயிலுக்கு ரேணிகுண்டா போர்டு மாட்டினா அது ரேணிகுண்டா போயிடுமா? போகலை. இது மூணாவது.

கடை அண்ணா போட்டோஷாப்ல திறந்து ஜேபெக்கா சேமிச்சுக் கொடுத்தார். வேர்டில் போட்டா வெட் புளூ நிறமே மாறிக் கிடக்கு. 'பிரிண்ட்டுன்னா சிஎம்ஒய்கே'ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு நண்பன் அந்த மோடுக்கு மாத்தி வெச்சிருந்தான். அது ஆப்செட் அச்சகத்துக்குச் சரி. வேர்ட் பழகினது ஆர்ஜிபி. நாலாவது தப்பும் ஆச்சு!

ஏன் இந்தச் சண்டை?

நோல் சகோதரர்கள் உருவாக்கின போட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. அதோட பிஎஸ்டி ஃபைல் ஒரு பட்டறை மாதிரி. லேயர், மாஸ்க், எடிட் பண்ணக்கூடிய எழுத்துன்னு எல்லாம் தனித்தனியா உள்ளே கிடக்கும். வேர்டுக்குத் தேவை முடிச்ச சரக்கு. வெட் புளூவை நேரா ஷூ கடைக்கு அனுப்புவோமா? அதனால பிஎஸ்டியைப் பத்திரமா வெச்சுக்கிட்டு, அதுல இருந்து ஒரு நகல் எடுத்து வேர்டுக்குக் கொடுக்கணும். கிம்ப் வெச்சிருக்கிறவங்க 'சேவ்' கொடுத்தா எக்ஸ்சிஎஃப்தான் வரும். 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போங்க.

நீங்க செய்ய வேண்டியது

* கேமரா போட்டோவா? ஜேபெக். ஸ்கிரீன்ஷாட், கிராஃப், சர்க்யூட், காலேஜ் லோகோவா? பிஎன்ஜி. ஜேபெக் சேமிக்கும்போது நுணுக்கத்தைக் கொஞ்சம் கழிச்சிடும், மெல்லிய கோட்டோரம் அழுக்கு மாதிரி படியும். ட்ரான்ஸ்பரன்ட் பின்னணியும் அதுல கிடையாது. லோகோவைச் சுத்தி வெள்ளைக் கட்டம் வர்றது அதனாலதான்.

* போட்டோஷாப்ல 'இமேஜ்', 'மோட்' போய் 'ஆர்ஜிபி கலர்' ஆக்கிட்டு அப்புறம் நகல் எடுங்க.

* அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. பேப்பர்ல படம் 6 அங்குல அகலம்னு வெச்சுக்கோங்க. அங்குலத்துக்கு 300 புள்ளின்னா 1800 பிக்சல் போதும். போன்ல எடுத்த 4000 பிக்சல் படத்தை அப்படியே போட்டா ஃபைல்தான் வீங்கும்.

* வேர்ட் சேமிக்கும்போது தானாவே படத்தைச் சுருக்கும். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போனா 'டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்'னு இருக்கும். படத்தைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே டிக் அடிச்சுடுங்க.

* படம் ஒரு கீற்று மாதிரி மட்டும் தெரியுதா? படம் மேல தப்பில்லை. அந்தப் பாராவோட லைன் ஸ்பேசிங் 'எக்ஸாக்ட்லி'ன்னு இருக்கும். 'சிங்கிள்' ஆக்குங்க.

* மேட்லேப்ல இருந்து கிராஃபை இபிஎஸ்ஸா எடுக்கற ஆளா? பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் 2017 ஏப்ரல்ல ஆபீஸில் இபிஎஸ் சேர்க்கிற வசதியை நிறுத்திடுச்சு. பிஎன்ஜியா எடுங்க.

* ஒரிஜினல் படம் தொலைஞ்சுபோச்சா? டாக்ஸ் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, அதோட கடைசி எழுத்துகளை 'ஜிப்'னு மாத்தித் திறங்க. 'வேர்ட்' ஃபோல்டருக்குள்ள 'மீடியா'ல படமெல்லாம் இருக்கும். இங்கே மட்டும் பேரை மாத்தினா பலிக்கும். ஏன்னா டாக்ஸ் நிஜமாவே ஒரு ஜிப்தான்! ஆனா என்னை மாதிரி லிங்க் கொடுத்திருந்தா உள்ளே படம் இருக்காது.

* கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பிடிஎஃப் ஆக்கி, பக்கம் பக்கமா பாருங்க. பென் டிரைவில் பிடிஎஃப், டாக்ஸ், படங்கள் மூணும் இருக்கட்டும்.

அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் கடைசிப் பக்கம் பிரிண்டர்ல இருந்து வந்தது. மறுநாள் கைடு ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஒரு படத்துல விரலை வெச்சு, "இது என்னப்பா, அச்சுல விழுந்த கறையா?"ன்னார்.

"இல்ல சார், உண்ணி கடி!"

புள்ளி தெரிஞ்சுடுச்சு. எங்களுக்கு அது போதும்!