‘லிமிடெட் எடிஷன் விண்டேஜ்’ போட்டோ: போனஸ் பணத்தை இதுல போடலாமா?

போன சாரல் சீசன்ல ஐந்தருவியில குளிச்சிட்டு, ஈரத் துண்டோட பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். சென்னையில வேலை பார்க்கிற என் சித்தி பையன் போனை நீட்டினான்.

“அண்ணே, 1986 சேப்பாக்கம் டை டெஸ்ட் போட்டோ. லிமிடெட் எடிஷன், விண்டேஜ், 100-ல 37-வது பிரின்ட். 60,000 ரூபாய்தான். அஞ்சு வருஷத்துல டபுள் ஆகுமாம். போனஸ் வந்திருக்கு, வாங்கிடவா?”

ஆசை நியாயமானதுதான். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டு முறைதான் ஆட்டம் ‘டை’ ஆகியிருக்கு: 1960-ல் பிரிஸ்பேன், 1986 செப்டம்பர் 22-ல் நம்ம சேப்பாக்கம். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் 210 ரன் அடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன மேட்ச். ஆனா போட்டோவோட பெருமை வேற, பிரின்ட்டோட விலை வேற.

இரண்டு வார்த்தை, இரண்டு அர்த்தம்

‘விண்டேஜ்’ என்றால் படம் எடுத்த காலத்திலேயே போட்ட பிரின்ட். ‘லிமிடெட் எடிஷன்’ என்றால் இத்தனைதான் போடுவோம்னு எண்ணிக்கையை முடிவு பண்ணி, நம்பர் எழுதித் தருவது. அந்தக் காலத்துல பத்திரிகைக்காகப் போட்ட பிரின்ட்டுக்கு யாரும் 37/100-னு நம்பர் எழுதலை. பின்பக்கம் முத்திரை, தேதி, கேப்ஷன்தான் இருக்கும். அதனால இரண்டு வார்த்தையும் ஒரே விளம்பரத்துல வந்தா முதல் கேள்வி இதுதான்: “படம் எடுத்தது 1986, சரி. பிரின்ட் போட்டது எந்த வருஷம்?”

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் போட்டோக்களுக்குப் பெரிய சந்தையே இருக்கு. அங்க நாலு வகையாப் பிரிக்கிறாங்க:

- டைப் 1: ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து, படம் எடுத்த சுமார் 2 வருஷத்துக்குள் போட்டது
- டைப் 2: ஒரிஜினல் நெகட்டிவ்தான், ஆனா அதற்குப் பிறகு போட்டது
- டைப் 3: டூப்ளிகேட் நெகட்டிவ் அல்லது வயர் மூலம் வந்த படம், 2 வருஷத்துக்குள் போட்டது
- டைப் 4: டூப்ளிகேட்டிலிருந்து ரொம்ப நாள் கழித்துப் போட்டது

ஒரே படம்தான், ஆனா டைப் 1-க்கும் டைப் 4-க்கும் விலை மலைக்கும் மடுவுக்குமா இருக்கும். இந்த அளவுகோல்படி, சேப்பாக்கம் படம் டைப் 1 ஆகணும்னா 1988 வாக்கிலாவது பிரின்ட் ஆகியிருக்கணும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அஞ்சு வருஷத்துல டபுள் ஆகணும்னா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 15% வளரணும். அவ்வளவு வேண்டாம், 3 வருஷத்துல 80,000-க்கு விற்குதுன்னு வைப்போம்.

- ஏலக் கமிஷன் 20%னு வைத்தால்: 16,000
- கையில் வருவது: 64,000
- லாபம்: 4,000
- வரி 12.5%, செஸ் 4% சேர்த்து: 520
- மிச்சம்: 63,480

அதே 60,000-ஐ 7% எஃப்டியில் போட்டிருந்தா சுமார் 73,500. 20% ஸ்லாபில் வரி கட்டினாலும் 70,000-க்கு மேல நிற்கும். இதுல பிரேம் செலவையும், வாங்க ஆள் கிடைக்காம காத்திருக்கிற மாசங்களையும் நான் சேர்க்கவே இல்லை.

வரி எப்படி?

“வீட்டுல மாட்டியிருக்கிற பொருள்தானே, வரி எதுக்கு?”ன்னு கேட்பீங்க. சொந்த உபயோகப் பொருளுக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் எல்லாம் அந்த விலக்கில் வராது. சான்றிதழோட கலைப்பொருள்னு வாங்கிட்டு, விற்கும்போது மட்டும் வீட்டுச் சாமான்னு சொல்ல முடியாது. 24 மாசத்துக்கு மேல் வைத்து விற்றால் 12.5%, அதற்குள் விற்றால் உங்க ஸ்லாப். ஈக்விட்டி லாபத்துக்கு இருக்கிற 1.25 லட்சம் விலக்கும் இதுக்குக் கிடையாது. அதனால பில் பத்திரம். அது இல்லாம வாங்கின விலையை நிரூபிக்கிறது கஷ்டம்.

பணம் அனுப்பும் முன் கேளுங்க

1. பிரின்ட் போட்ட வருஷம் பில்லில் எழுதித் தருவீங்களா?
2. நெகட்டிவ் யாரிடம் இருக்கு? பிரின்ட் போட அவங்க அனுமதி இருக்கா?
3. வேற சைஸில் இன்னொரு ‘எடிஷன்’ வருமா? வந்தா 100 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.
4. இன்னைக்கு நான் திருப்பிக் கொடுத்தா நீங்க என்ன விலைக்கு எடுப்பீங்க?

தம்பி அங்கேயே முதல் கேள்வியையும் நாலாவது கேள்வியையும் மெசேஜ் பண்ணினான். பஜ்ஜி தீரும் முன்னே பதில் வந்துச்சு: பிரின்ட் போட்டது போன வருஷம். திருப்பி எடுக்க மாட்டாங்களாம்.

“அப்போ வேண்டாமாண்ணே?”

படம் பிடிச்சிருந்தா வாங்கு, ஆனா அதை முதலீட்டுல எழுதாதே, செலவுல எழுதுன்னு சொன்னேன். எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், மாச எஸ்ஐபி எல்லாம் போக மிச்சமிருக்கிற பணத்துல, விலை பாதியானாலும் தூக்கம் வரும்னா தாராளமா சுவத்துல மாட்டுங்க. தம்பிக்கு எமர்ஜென்சி ஃபண்டே இல்லை. 60,000-மும் முதல்ல அதுக்குத்தான் போச்சு.