விதைத்தவர் காணாத அறுவடை

பெங்களூருவின் மல்லேஸ்வரத்தில் ஆட்டோவில் ஏறி, ‘இந்திய அறிவியல் கழகம்’ என்று முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றாலே போதும். நூறாண்டுகளைக் கடந்தும் அந்நகர மக்கள் அதை விதைத்தவர் பெயராலேயே அழைக்கின்றனர். ஆனால், அந்த விதை முளைத்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

1898ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்திற்காக ரூ.30 லட்சம் மதிப்புள்ள தம் சொத்துகளை வழங்க முன்வந்தார். அரசின் ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. 1904இல் அவர் காலமானார். மைசூர் அரச குடும்பம் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909இல் கழகம் முறையாக நிறுவப்பட்டது. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். இன்று மத்திய அரசின் நிதியில், அதாவது நம் ஒவ்வொருவரின் வரிப்பணத்தில் இயங்கும் பொது நிறுவனம் அது. அந்தப் பணம் என்ன விளைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் எளிதில் கண்ணில் படும் விடையைப் பார்ப்போம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசை 2016இல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை, பத்து ஆண்டுகளும் பல்கலைக்கழகங்களின் வரிசையில் முதலிடம் இக்கழகத்திற்கே. 2021இல் ஆராய்ச்சிக்கெனத் தனிப் பட்டியல் வெளியிடப்பட்டபோது அதிலும் முதலிடம் பெற்று, 2025 வரை தக்கவைத்தது. 2021 ஜூனில் வெளியான க்யூஎஸ் உலகத் தரவரிசையில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஆய்வு மேற்கோள்கள் என்ற அளவீட்டில் நூற்றுக்கு நூறு பெற்று உலகிலேயே முதலாவதாக நின்றது.

ஆயினும் அதே க்யூஎஸ் பட்டியலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுமொத்த வரிசையில் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் 155ஆம் இடத்தில் இருந்த கழகம், அடுத்த பதிப்பில் 225ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டில் அங்கு அறிவியல் தேய்ந்துவிட்டதா? இல்லை. அந்தப் பதிப்பில் மதிப்பிடும் முறையே மாறியது. புதிய அளவீடுகள் சேர்க்கப்பட்டன. பழையவற்றில் சிலவற்றின் எடை குறைக்கப்பட்டது. அளவுகோல் மாறினால் உயரமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தரவரிசை காட்டாதவற்றையும் நாம் காண வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்ற கோவிந்தராஜன் பத்மநாபன், இக்கழகத்தில் 1966இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் அதன் இயக்குநராகவும் உயர்ந்தவர். மலேரியாக் கிருமி மனிதனின் சிவப்பணுவுக்குள் வாழ்கிறது. அந்த அணுவிலோ ‘ஹீம்’ என்னும் இரும்புச் சேர்மம் நிறைந்து கிடக்கிறது. இருந்தும் அக்கிருமி தனக்கு வேண்டிய ஹீமைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று கண்டறிந்தது அவரது ஆய்வுக்கூடம். கிருமியின் அந்தத் தயாரிப்பைத் தடுக்க முடிந்தால் அதை ஒடுக்கவும் வழி பிறக்கலாம் என்பதே இதன் பயன். நாட்டின் மிக உயரிய அறிவியல் விருதான ‘விஞ்ஞான் ரத்னா’ 2024இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவரே. அப்போது அவருக்கு வயது 86. ஆராய்ச்சி முனைவர் ஆனதற்கும் அந்த மேடைக்கும் இடையே 58 ஆண்டுகள்.

ஜம்மு-காஷ்மீரில் செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த ரயில் பாலம், 2025 ஜூன் 6 அன்று திறந்து வைக்கப்பட்டது. பாலத்தைத் தாங்கும் மலைச்சரிவுகள் உறுதியாக நிற்பதற்கான ஆலோசனையை 17 ஆண்டுகள் வழங்கியவர், இக்கழகத்தின் பேராசிரியர் ஜி. மாதவி லதா, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்குள்ள பாறை பிளவுண்டது. தோண்டத் தோண்ட, வரைபடத்தில் இல்லாத வெடிப்புகளும் பொந்துகளும் வெளிப்பட்டன. எனவே, தொடக்கத்தில் வரைந்ததையே இறுதியாகக் கொள்ளாமல், ஒவ்வொரு கட்டத்திலும் கண்டதற்கேற்ப வடிவமைப்பைத் திருத்திக்கொண்டே சென்றனர். பாலம் திறக்கப்பட்ட நாளில் நாடே அவர் பெயரைத் தேடியது. ஆனால், அந்த 17 ஆண்டுகளில் எந்த ஆண்டுத் தரவரிசையிலும் அந்த மலைச்சரிவு ஓர் எண்ணாகத் தென்பட்டிருக்காது.

மூன்றாவது, இன்னும் முளைப் பருவத்தில் உள்ளது. சாதாரணக் கணினி ஒவ்வொரு தகவலையும் இரண்டு நிலைகளாகவே பதிவு செய்கிறது. கழகத்தின் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியும் அவரது குழுவினரும், மூலக்கூறுகளால் ஆன மெல்லிய ஏட்டில் 16,500 நிலைகளில் தகவலைப் பதிந்து கணக்கிடும் முறையை 2024 செப்டம்பரில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டனர். பெரும் மின்சாரத்தை விழுங்கும் செயற்கை நுண்ணறிவுப் பணிகளை எதிர்காலத்தில் சிறிய கருவிகளிலேயே செய்ய இது வழிவகுக்கக்கூடும். பலன் எப்போது என்று இன்று எவராலும் உறுதி கூற இயலாது. ஜாம்ஷெட்ஜியாலும் அன்று கூற இயலவில்லை.

அவருடைய வழியில் நடப்போர் இன்றும் உள்ளனர். கழக வளாகத்தில் முதுநிலை மருத்துவப் பள்ளியுடன் 832 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அமைய, சுஸ்மிதா – சுப்ரதோ பாக்சி, ராதா – என்.எஸ். பார்த்தசாரதி இணையர் ரூ.425 கோடி வழங்குவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் கைகோக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

வங்கி வாடிக்கையாளரான வாசகருக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘பிரதமரின் வித்யாலக்ஷ்மி’ திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெறும் மாணவர்கள், சொத்துப் பிணையமும் பிணையாளரும் இன்றிக் கல்விக் கடன் பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்திற்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதோருக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் வழங்கவும் திட்டம் இடமளிக்கிறது. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இதில் இடம் பெற்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்க முதன்மையான அடிப்படை, மேலே கூறிய தேசியத் தரவரிசையே. ஆக, வெறும் பெருமைப் பட்டியலாக இருந்தது இன்று ஒரு மாணவரின் கடன் விண்ணப்பத்தையே தீர்மானிக்கிறது.

எனவே, வரிசை எண்ணை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். அப்பட்டியலுக்காகக் கல்வி நிறுவனங்கள் அளித்த விவரங்கள் இணையத்தில் பொதுவில் உள்ளன. படிப்பை உரிய காலத்தில் முடித்தோர் எத்தனை பேர், வேலை பெற்றோரின் நடுநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குச் சென்றோர் எத்தனை பேர் என்பவற்றை அவற்றில் காணலாம். பிள்ளை சேர விரும்பும் துறையின் ஆசிரியர்கள் என்ன ஆய்வு செய்கின்றனர் என்றும் கேளுங்கள். திட்டத்தின் நடப்பு விதிகளைக் கிளையில் உறுதி செய்துகொண்ட பின்னரே கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. 2020–21இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதம் மட்டுமே. இன்று நாம் கொண்டாடும் விருதுகளும் பாலங்களும் முந்தைய தலைமுறைகள் இட்டு வைத்த வைப்புத்தொகையின் முதிர்வு. அதை எடுத்துச் செலவிடுவதில் மகிழ்ச்சி உண்டு. அடுத்த தலைமுறையின் கணக்கில் நாம் என்ன இட்டு வைக்கிறோம் என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.