உங்களுக்குத் தெரியுமா? ஏரலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

◆ ஏரல்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை சுமார் 530 கிலோமீட்டர். கொழும்பு 280தான். ஆனால் சென்னைக்கு இங்கேயே விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கொழும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விமானம் ஏற மதுரைக்குப் போக வேண்டும்; காரில் மூன்று மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே போய் நிற்க வேண்டும். அதன் பிறகு பறப்பது என்னவோ ஒரு மணி நேரம்.

◆ ஒரு காலத்தில் சென்னைக்காரர்களே கொழும்பு போக நம் தூத்துக்குடிக்கு வந்தார்கள். போட் மெயில் ரயில் இங்கு வந்து சேர ஏறத்தாழ 22 மணி நேரம், பிறகு கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்த ரயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. இன்று முத்துநகர் எக்ஸ்பிரஸுக்குச் சென்னையிலிருந்து சுமார் 11 மணி நேரம் போதும்.

◆ இதே கொழும்புத் தடத்தில்தான் 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். அவரை முடக்க ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணத்தோடு ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 2011 ஜூனில் இங்கிருந்து கொழும்புக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றும் போனது. பெரிய இழப்பு.

◆ ஏரலுக்குப் பக்கத்துக் கொற்கையின் முத்து ரோம் வரை போயிற்று. செங்கடல் முனையிலிருந்து பருவக்காற்றைப் பிடித்தால் சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு 40 நாள் என்று எழுதி வைத்திருக்கிறார் ரோமானிய அறிஞர் பிளினி.

◆ கப்பலும் விமானமும் தூரத்தை அளப்பது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் 60 கடல் மைல். ஏரல் இருப்பது ஏறத்தாழ 8.6 பாகையில். பெருக்கிப் பாருங்கள்: பூமத்திய ரேகை நமக்கு 1,000 கிலோமீட்டருக்கும் உள்ளே!

◆ லண்டன் போகும்போது ஆகும் நேரம் சென்னைக்குத் திரும்பும்போது ஆகாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று, வரும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது.

◆ உலகப் போரின்போது இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே, 1943 முதல் 1945 வரை, கேட்டலினா என்ற கடல் விமானங்கள் பறந்தன. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் 27 முதல் 33 மணி நேரம்! எரிபொருளே பாரமாகிவிட்டதால் பயணிகள் மூன்று பேருக்குத்தான் இடம். ஜப்பானியர் காதில் விழக் கூடாதென்று வானொலியை மௌனமாக வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி பிடித்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்ததாகப் பயணிகளுக்குச் சான்றிதழும் தந்தார்கள். இன்றைக்கு மிக நீண்ட விமானப் பயணமான சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கிலோமீட்டர். அதற்கே 19 மணி நேரத்துக்குள்தான் ஆகிறது.

◆ வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களுக்கே சரி. இப்போது அது 3,115 மீட்டர். புதிய முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. இனி சுங்க, குடியேற்றச் சோதனை வசதிகளைச் செய்து கொழும்புக்கு நேரடி விமானம் விடுவதுதான் பாக்கி.