சீக்காவின் 38 ரன்னுக்கு என்ன விலை?

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் 146 ஒருநாள் ஆட்டங்களில் 4,091 ரன் எடுத்தார். சராசரி 29. இந்த எண்ணைக் காட்டி, "இவரைப் போய்ப் பெரிய ஆட்டக்காரங்க வரிசையில எப்படி சித்தப்பா வைக்கிறீங்க?" என்று என் அண்ணன் மகன் கேட்கிறான். அவன் விவரம் தெரிந்தவன். ரோகித் சர்மாவின் 264-லிருந்து கோலியின் சதக் கணக்குவரை தலைகீழாக ஒப்பிப்பான். திருப்பனந்தாள் கடைத்தெரு டீக்கடையில் சாயங்காலம் இந்தப் பேச்சு கிளம்பினால், கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைக்கும்வரை ஓயாது. ரிச்சர்ட்ஸா, சச்சினா, கோலியா? கார்னரா, முரளியா, பும்ராவா?

என் கட்சி இதுதான். ரன்னை எண்ணினால் மட்டும் போதாது. எந்தத் தரையில், எந்தச் சட்டத்தில், யார் பந்துக்கு எதிரே அந்த ரன் வந்தது என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால், மைலாப்பூர் வட்டாரமே சீக்கா என்று செல்லமாகக் கூப்பிடும் அந்த மனிதருக்கு நாம் கொடுத்திருக்கிற இடம் ரொம்பக் குறைவு.

இது எனக்கு ஸ்கோர் நோட்டு சொல்லிக்கொடுத்தது. எங்கள் பக்கத்து டோர்னமெண்டுகளில் நெடுநாளாக ஸ்கோர் எழுதுகிறேன். தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காமல் விட்ட வயலாகப் பார்த்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள். நடுவில் பிட்ச்சுக்கு மட்டும் செதுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் அறுத்த தாள் அப்படியே நிற்கும். தரையோடு அடித்த பந்து நாலு தாளில் மோதி நின்றுவிடும். வரப்பைத் தாண்ட வேண்டுமானால் தூக்கித்தான் அடிக்கவேண்டும், தூக்கினால் கேட்ச். அங்கே பத்து ஓவரில் ஐம்பதைத் தொட்ட அணி பெரும்பாலும் ஜெயித்துவிடும். அதே பையன்கள் சித்திரையில் கும்பகோணம் பக்கம் சிமெண்ட் பிட்ச்சில் ஆடி, நூறு அடித்தும் தோற்றுத் திரும்புவார்கள். வயலில் ஒருவன் எடுத்த இருபதும் சிமெண்டில் எடுத்த இருபதும் நோட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் விலை வேறு என்பது ஆடினவனுக்கும் எழுதினவனுக்கும்தான் தெரியும்.

சர்வதேச ஒருநாள் கிரிக்கெட்டிலும் இப்படித் தரை மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. முதல் ஆட்டம் 1971 ஜனவரி 5-ல் மெல்போர்னில் நடந்தது. 1975-ல் முதல் உலகக் கோப்பை. சென்னைக்காரரான வெங்கட்ராகவன்தான் இந்தியாவுக்குக் கேப்டன். லார்ட்ஸில் இங்கிலாந்து 60 ஓவரில் 334 குவிக்க, கவாஸ்கர் 174 பந்துகள் ஆடி 36 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். இந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று யாருக்கும் பிடிபடாத காலம் அது. 1983 உலகக் கோப்பையில் 30 கெஜ வட்டம் இருந்தது, ஆனால் நாலு ஃபீல்டர் உள்ளே நின்றால் போதும். முதல் பந்திலிருந்தே ஐந்து பேரை எல்லைக்கோட்டுப் பக்கம் அனுப்பலாம். 1992 உலகக் கோப்பையில்தான் முதல் 15 ஓவருக்கு இரண்டு பேர் மட்டுமே வெளியே நிற்கலாம் என்று வந்தது. அந்தக் காலியிடத்தில்தான் 1996-ல் ஜெயசூரியாவும் கலுவிதாரணவும் தூக்கித் தூக்கி அடித்தார்கள், உலகமே வாயைப் பிளந்தது. ஸ்ரீகாந்த் அதையே 1981-லிருந்து செய்துகொண்டிருந்தார், ஐந்து பேர் வெளியே நிற்கலாம் என்றிருந்த காலத்தில்.

இனி அந்த 38-க்கு வருகிறேன். 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். டாஸ் ஜெயித்த வெஸ்ட் இண்டீஸ் நம்மை ஆடச் சொன்னது. ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். இந்த நால்வரில் யாராவது ஒருவர் களைத்தால் அடிக்கலாம் என்றுகூட நினைக்கமுடியாது, அடுத்தவர் வந்துவிடுவார். ஸ்கோர் 2 ஆனபோது கவாஸ்கர் அவுட். கார்னர் அன்று 12 ஓவர் போட்டு 24 ரன்தான் கொடுத்தார். இப்படி ஒரு நாளில் சீக்கா என்ன செய்தார்? ராபர்ட்ஸின் பந்துக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஆஃப் பக்கம் ஸ்கொயரில் விளாசினார். பழைய படத்தில் இன்றும் பார்க்கலாம். பந்து கோட்டைத் தொடுமுன்பே ஃபீல்டர்கள் நடக்கத் தொடங்கியிருப்பார்கள். 57 பந்தில் 38, ஏழு ஃபோர், ஒரு சிக்ஸ். மார்ஷல் எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140. இரண்டு பக்கமும் சேர்த்து அன்றைக்கு அந்த 38-க்குமேல் எவரும் எடுக்கவில்லை. விவியன் ரிச்சர்ட்ஸ்கூட 33-ல் மதன்லால் பந்தில், பின்னோக்கி ஓடிய கபிலின் கையில் விழுந்தார். 43 ரன்னில் ஜெயித்த ஆட்டத்தில் 38 ரன் என்றால் அதற்கு விலை போட்டுப் பாருங்கள்.

சராசரி 29 என்பது பொய்யில்லை. அவர் அடிக்கடி ஆத்திரப்பட்டு அவுட் ஆவார், ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். ஆனாலும் அவருடைய ஸ்ட்ரைக் ரேட் 71-க்கு மேல், கவாஸ்கருடையது 62, டெஸ்மண்ட் ஹெய்ன்ஸுடையது 63. புதுப்பந்தில் துணிந்து அடித்தவர் அன்று எத்தனை பேர்?

இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நான் ரிச்சர்ட்ஸை முதலிடத்தில் வைக்கிறேன். 187 ஆட்டம், 6,721 ரன், சராசரி 47, ஸ்ட்ரைக் ரேட் 90. கூட ஆடிய கிரீனிட்ஜ் 65-க்குப் பக்கம், ஹெய்ன்ஸ் 63. ஒரே அணி, ஒரே பிட்ச், ஆனால் 25 வித்தியாசம். இப்போது கோலி 93-ல் ஆடுகிறார், ரோகித்தும் கிட்டத்தட்ட அதே வேகம். வேகத்தில் தம் காலத்தைவிட்டு ரிச்சர்ட்ஸ் விலகி நின்ற தூரத்துக்கு இன்றைய பெரிய பேட்ஸ்மேன்கள் யாரும் போகவில்லை. 1984 மே 31 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் வெஸ்ட் இண்டீஸ் 166-க்கு ஒன்பது. கடைசி ஆளாக ஹோல்டிங்கை எதிர்முனையில் வைத்துக்கொண்டு 106 ரன் சேர்த்தார் ரிச்சர்ட்ஸ். அவர் 189 நாட் அவுட், மற்றவர்களில் அதிகபட்சம் 26. ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன் என்ற அந்தச் சாதனை 13 வருஷம் நின்றது. உடைந்தது நம் சேப்பாக்கத்தில்தான், 1997 மே மாத வெயிலில் சயீத் அன்வரின் 194-ல்.

சேப்பாக்கம் என்றதும் இரண்டு ஆட்டங்களைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு அம்பயர் ஃபோர் காட்டினார். அது சிக்ஸ் என்று ஆஸ்திரேலியர்கள் இடைவேளையில் முறையிட, கபில்தேவ் சரி என்றார். 268 ஆக இருந்தது 270 ஆனது. ஸ்ரீகாந்த் 70, சித்து 73 என்று நாம் 207-க்கு இரண்டு விக்கெட்டில் இருந்தோம். பிறகு சரிந்து, கடைசி ஓவரில் மனிந்தர் போல்டாகி 269-ல் முடிந்தோம். ஒரே ஒரு ரன். ஆட்டக்காரனின் பெருமையை எடை போடும்போது கபில் சொன்ன அந்தச் "சரி"யையும் தட்டில் வைப்பேன். டீக்கடையில் இதற்கு எதிர்ப்பு உண்டு, இருக்கட்டும்.

இன்னொன்று 2023 அக்டோபர் 8, அதே மைதானம், அதே எதிரணி. இலக்கு 200, நாம் 2 ரன்னுக்கு மூன்று விக்கெட். கோலி 12-ல் இருக்கும்போது மிட்செல் மார்ஷ் கேட்ச்சைக் கோட்டைவிட்டார். அதன்பிறகு கோலி 116 பந்தில் 85, ராகுல் நாட் அவுட் 97. கோலியின் ஐம்பதுக்கு மேற்பட்ட சதங்களைப் பற்றிப் பேசுகிற பையன்களிடம் நான் இந்த 85-ஐத்தான் எடுத்துச் சொல்வேன். அன்றைய பிட்ச்சில் ஜடேஜாவின் பந்து சுழன்ற சுழலைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும்.

பந்து வீச்சில் சண்டை குறைவு. கார்னர் 98 ஆட்டத்தில் 146 விக்கெட், ஓவருக்கு மூன்று ரன்னுக்குச் சற்று மேல். பும்ரா ஓவருக்கு நாலரைக்குக் கொஞ்சம் மேலே கொடுப்பார். அதனால் பும்ரா குறைந்தவர் ஆகிவிடமாட்டார். 2011 அக்டோபரிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப்பந்து வந்தது. ஒவ்வொரு பந்துக்கும் 25 ஓவர்தான் வயது. பந்து தேயாததால் ரிவர்ஸ் ஸ்விங் செத்தது, சுழற்பந்துக்காரருக்கும் பிடி கிடைக்காமல் போயிற்று. 2025-ல்தான் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்து என்று திருத்தினார்கள். கண்டித் தமிழர் முரளிதரனின் 534 விக்கெட்டில் பெரும்பகுதி ஒரே பந்து தேய்ந்த காலத்தில் வந்தது. அப்படியும் நான் அவரைத்தான் முதலில் எழுதுவேன். அத்தனை ஆட்டம் ஆடியும் ஓவருக்கு நாலு ரன்கூடக் கொடுக்காதவர் அவர்.

பெண்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒருநாள் ஆட்டத்தின் முதல் இரட்டைச் சதம் 2010-ல் குவாலியரில் சச்சின் அடித்ததல்ல. 1997-ல் மும்பையில் பெலிண்டா கிளார்க் 229 அடித்தார். தமிழ்க் குடும்பத்துப் பெண் மிதாலி ராஜ் 232 ஆட்டங்களில் 7,805 ரன், சராசரி 50-க்கு மேல். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் சென்னையின் திருஷ் காமினி, 2013-ல்.

ரிச்சர்ட்ஸ் முதலிடம் என்பதை அண்ணன் மகன் ஒருவழியாக ஒப்புக்கொண்டான். இரண்டாமிடத்தில்தான் சிக்கல். அவனுக்குக் கோலி, எனக்குச் சச்சின். 1989-ல் வந்து 2012 வரை 463 ஆட்டம் ஆடினார். அத்தனை சட்டமாற்றங்களும் அவர் கண்ணெதிரே நடந்தன, ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். நடுவரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர், 1994 மார்ச் 27 அன்று ஆக்லாந்தில் சித்துவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதால் தொடக்கத்தில் இறங்கக் கேட்டு வாங்கினார். 49 பந்தில் 82. அதைச் சொன்னால், "கோலி சேஸிங்ல அடிச்ச சதத்தை யாரு சித்தப்பா அடிச்சிருக்காங்க?" என்கிறான். யாருமில்லைதான். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.