வசந்தகால ஏரியும் வானிலை முன்னறிவிப்பும்: மிச்சிகன் ஏரிக்கரை பற்றிய ஒரு விளக்கம்

வானிலை முன்னறிவிப்பு இயற்கை விஞ்ஞானத்தின் விளைபொருள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அது உண்மையே, ஆயின் முழு உண்மையன்று. எவ்விடத்துக் காற்றை அளப்பது, அளப்பவருக்குரிய ஊதியத்தை யார் கொடுப்பது, எவரது இழப்பு இழப்பாகக் கணக்கில் எடுக்கப்படுவது ஆகிய வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளும் முன்னறிவிப்பின் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கின்றன. இதனை விளக்குவதற்கு வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி தக்கதோர் உதாரணமாகும். ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்க வானிலைச் சேவை தோன்றுவதற்கான கோரிக்கை இவ்வேரியின் மேற்குக் கரையிலிருந்து எழுந்தது. அதே கரையின் வசந்தகாலம், அதாவது மார்ச் முதல் மே வரையிலான காலம், அச்சேவையாளரைக் கடுமையாகச் சோதிக்கும் பருவங்களுள் ஒன்றாக இன்றுமுள்ளது.

ஏரி என்றதும் நமது வாசகர் குளத்தை ஒத்த ஒரு நீர்நிலையை மனங்கொள்ளுதல் கூடும். மிச்சிகன் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். வடக்குத் தெற்காக அதன் நீளம் 490 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடியது. மிக ஆழமான இடம் 281 மீற்றர். வடகாற்று இந்நீளம் முழுவதும் தடையின்றி வீசுமாயின், தென்கோடியிலுள்ள சிக்காகோவிலும் இந்தியானாக் கரையிலும் எழும் அலைகள் கடலலைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தனவல்ல. எனவேதான் இங்கு வெளியிடப்படும் அறிக்கை, உள்நாட்டு நீர்நிலையைப் பற்றியதாயினும், கடற்பிரதேச முன்னறிவிப்பின் வடிவத்தையே கொண்டுள்ளது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்புக்கு ஓர் அறிக்கையும், அதற்கு அப்பாலுள்ள திறந்த ஏரிக்கு வேறோர் அறிக்கையும் உண்டு. காற்றின் வேகம் 22 முதல் 33 நொட்டாகவோ அலையின் உயரம் நான்கடியாகவோ அதற்கு மேலாகவோ இருக்குமென எதிர்பார்க்கப்படின் சிறுகலங்களுக்கான அறிவுறுத்தல் விடுக்கப்படும். 34 நொட்டை எட்டுமாயின் கடுங்காற்று எச்சரிக்கை.

வசந்தத்தின் சிக்கல் நீரின் ஓர் எளிய இயல்பிலிருந்து தோன்றுகின்றது. நன்னீர் 4 பாகை செல்சியசில் அதியுயர் அடர்த்தியை அடைகின்றது. மாரிகாலத்தின் முடிவில் ஏரியின் மேற்பரப்பு இதனிலும் குளிர்ந்திருக்கும். ஏப்ரல் மாத வெயில் மேற்பரப்பைச் சூடாக்கும்போது, சூடான நீர் மேலே தங்காது. 4 பாகையை நெருங்க நெருங்க அடர்த்தி கூடிக் கீழே அமிழ்ந்துவிடுகின்றது. அதன் இடத்திற்குக் கீழிருந்து குளிர்நீர் மேலே வருகின்றது. கதிரவன் தரும் வெப்பமெல்லாம் இவ்வாறு ஆழத்திற்கே செலவாகி, மேலிருந்து கீழ்வரை நீர் முழுவதும் 4 பாகையை எட்டிய பின்னரே மேற்பரப்பில் வெதுவெதுப்பான ஒரு படை நிலைகொள்ள இயலும். ஆழமற்ற கரையோரத்தில் இது விரைவில் நிகழ்கின்றது. ஏரியின் நடுவிலோ கோடை தொடங்கும்வரை தாமதமாகின்றது. நிலத்தில் மரங்கள் தளிர்த்து மக்கள் மேற்சட்டையைக் கழற்றும் நாட்களில் ஏரி இன்னும் மாரியிலேயே இருக்கின்றது.

இக்குளிர்நீரின் மேல் வந்துசேரும் வெப்பக்காற்றின் அடிப்பகுதி குளிர்ந்து, பாரமாகி, நீரோடு ஒட்டிக்கிடக்கின்றது. மேலே செல்லச் செல்ல வெப்பநிலை குறைவதே வழமை. இங்கோ அது கூடுகின்றது. வளிமண்டலவியலார் இதனை வெப்பநிலை நேர்மாறல் என்பர். இத்தகைய படையில் மேற்காற்றும் கீழ்க்காற்றும் எளிதில் கலப்பதில்லை. சில நூறு மீற்றர் உயரத்தில் 35 நொட்டில் காற்று வீச, நீர்மட்டத்தில் அதன் பாதியே உணரப்படலாம். உயரமான சரக்குக் கப்பலின் மேற்றளத்திலுள்ள காற்றுமானி ஓர் எண்ணைக் காட்ட, கீழே எழும் அலை வேறோர் எண்ணையே ஒப்புக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் நிலைமை நேரெதிரானது. அப்பொழுது நீர் சூடானது, காற்றுக் குளிர்ந்தது. மேலுள்ள வேகம் முழுவதும் கீழிறங்கி நீரைத் தாக்கும். பேரேரிகளில் 250 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 1913 நவம்பர்ப் புயல் அப்பருவத்திற்குரியது. வசந்தத்தில் முன்னறிவிப்பாளர் எழுதும் ஒரே ஓர் எண், அந்த நேர்மாறற் படை எவ்வளவு தடிப்பானது, எப்பொழுது உடையும் என்பவை பற்றிய அவரது தீர்ப்பேயாகும்.

நிலத்தில் வாழ்வோரும் இதன் விளைவிலிருந்து தப்புவதில்லை. கடற்காற்று, நிலக்காற்றுப் பற்றிப் பாடசாலைப் புவியியலில் நாம் கற்றது இங்கு ஏரிக்காற்றாக நிகழ்கின்றது. வேற்றுமை அதன் கடுமையிலேயே உள்ளது. நண்பகலில் 25 பாகையாக இருந்த கரையோரத் தெரு, ஏரிக்காற்றின் முகப்பு கடந்தவுடன் சில நிமிடங்களில் 12 பாகைக்கு இறங்கிவிடலாம். ஒரு மணி நேரத்தில் 9 பாகையோ அதற்கு மேலோ வீழ்ச்சியை உண்டாக்கும் முகப்புக்கு மில்வோக்கிப் பகுதியினர் நியூமோனியா முகப்பு என்று பெயரிட்டுள்ளனர். சிக்காகோவில் வசந்தகால அறிக்கை கேட்போருக்கு மிகப் பழகிய தொடர் ‘ஏரிக்கு அண்மையில் குளிர் கூடும்’ என்பதாகும். அண்மை என்பது எத்தனை தெரு என்பதைத்தான் அறிக்கை சொல்வதில்லை. அது அன்றன்று மாறுவது.

தெற்கிலிருந்து, மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்றுக் குளிர்நீரைத் தொடும்போது மூடுபனி உண்டாகின்றது. வானம் தெளிந்த நாளிலும் நீரின்மேல் வெண்சுவர்போல் நிற்கும் இம்மூடுபனி, புயலைப்போல் அச்சமூட்டுவதன்று, ஆயினும் கொல்லும். மிச்சிகன் ஏரியும் ஹியூரன் ஏரியும் சந்திக்கும் மக்கினாக் நீரிணையில், 1965 மே 7 ஆந் திகதி, சுண்ணாம்புக்கல் ஏற்றிச்சென்ற சீடர்வில் என்னும் கப்பலும் நோர்வே நாட்டுக் கப்பலொன்றும் மூடுபனியில் மோதின. சீடர்வில்லின் 35 தொழிலாளரில் பத்துப்பேர் மாண்டனர். அன்று அவர்களை அச்சுறுத்தியது காற்றோ அலையோ அன்று.

இதனிலும் ஏமாற்றுவது, காற்றே இல்லாத நல்ல நாள். வெயில் காய்கின்றது, அலையில்லை, எந்த எச்சரிக்கையும் விடுக்கப்படவில்லை. சிறுதோணியில் செல்பவர் காற்றின் வெப்பத்திற்கேற்ப உடுத்தியிருக்கின்றார். தோணி கவிழுமாயின் அவர் விழுவது 4 பாகை நீரில். முதல் ஒரு நிமிடத்தில் மூச்சுக் கட்டுக்கடங்காது திணறும். சுமார் பத்து நிமிடங்களில் கைகால்கள் வலுவிழக்கும். உடல்வெப்பம் ஆபத்தான நிலைக்குக் குறைவதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம். குளிரினால் உறைந்து இறப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கு முன்னரே நீந்தும் ஆற்றல் அற்று மூழ்குகின்றனர். காற்றையும் அலையையும் அளவுகோலாகக் கொண்ட எச்சரிக்கை முறை இவ்வாபத்திற்குத் தனிப்பெயர் எதுவும் வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. எச்சரிக்கையின் அளவுகோல்கள் கப்பலை நோக்கி அமைந்தவை. நீரில் விழுந்த மனிதனை நோக்கி அமைந்தவையல்ல.

இந்நோக்குநிலையின் வேர் வரலாற்றில் உள்ளது. மில்வோக்கியைச் சேர்ந்த இன்கிறீஸ் லப்பம் நிலஅளவையாளராகவும் இயற்கையியலாளராகவும் விளங்கியவர். பேரேரிகளில் நிகழ்ந்த கப்பற் சேதங்களை அவர் தொகுத்தார். 1868 இல் 1,164 கலங்கள், 321 உயிர்கள். 1869 இல் 1,914 கலங்கள், 209 உயிர்கள். புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால், மேற்கு நிலையங்களின் அவதானிப்பைத் தந்திமூலம் பெற்றால் ஏரிகளை முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்பது அவரது வாதம். இப்பட்டியல் மில்வோக்கியின் காங்கிரஸ் உறுப்பினர் ஹல்பேட் பெயினிடம் சென்றது. 1870 பெப்ரவரி 9 ஆந் திகதி சனாதிபதி கிராண்ட் அதற்குரிய தீர்மானத்தில் ஒப்பமிட்டார். இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் முதலாந் திகதி 24 நிலையங்கள் ஒரே நேரத்தில் அவதானித்தன. அம்மாதம் 8 ஆந் திகதி சிக்காகோவிலிருந்து லப்பம் முதலாவது எச்சரிக்கையை ஏரிகளுக்கு விடுத்தார்.

புதிய அமைப்பிற்கு இடப்பட்ட பெயரைக் கவனிக்க வேண்டும். ‘வணிகத்தின் நன்மைக்கான தந்திகளும் அறிக்கைகளும்’ என்பதே அப்பிரிவு. லப்பத்தின் பட்டியலில் உயிர்களும் இருந்தன. பெயரில் வணிகம் மட்டுமே இருந்தது. இதனைக்கொண்டு அச்சேவையை வெறும் முதலாளித்துவக் கருவி என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. கப்பலுடைமையாளருக்காக எழுப்பப்பட்ட எச்சரிக்கைக் கொடியை மாலுமியும் மீனவனும் கூலி கொடாமலே பார்த்தனர். அவதானிப்பு ஒருமுறை பொதுப்பணத்தில் செய்யப்பட்டு எல்லோர்க்கும் அறிவிக்கப்படுமாயின், அதனைத் தனிப்பட்ட உடைமையாக்குவது கடினம். இன்று வானிலைத் தகவலை விற்கும் தனியார் கம்பனிகளும் அப்பொது அவதானிப்பின்மீதே பெரிதும் தங்கியுள்ளன.

அவதானிப்பின் நிலை வசந்தத்தில் எவ்வாறுள்ளது? ஏரியின் நடுவே காற்றையும் அலையையும் அளக்கும் மிதவைகள், பனிக்கட்டி சிதைத்துவிடும் என்பதால் மாரிக்கு முன்னர் கரையேற்றப்பட்டு, வசந்தம் முன்னேறிய பின்னரே மீண்டும் இறக்கப்படுகின்றன. கப்பற் போக்குவரத்தோ அதற்காகக் காத்திருப்பதில்லை. சுப்பீரியர் ஏரியின் வாயிலிலுள்ள சூ மதகுகள் வழமையாக மார்ச் 25 ஆந் திகதி திறக்கப்படுகின்றன. செய்மதி நீரின் மேற்பரப்பு வெப்பநிலையைத் தரும். முகில் மூடினால் அதுவும் குறையும். நேர்மாறற் படையை ஊடறுத்து நேரடியாக அளப்பது, கருவி கட்டிய பலூன். உலகெங்கும் ஒரே வேளையில் நாளொன்றுக்கு இருமுறை அது பறக்கவிடப்படுவது வழமை. ஏப்ரல் மாதத்து ஏரிக்கு, மேற்காற்றுக் கீழிறங்குமா என்ற வினாவுக்கு, இதனிலும் நேரான சான்று இல்லை.

2025 மார்ச்சில், ஆளணிப் பற்றாக்குறையைக் காரணங்காட்டி, தேசிய வானிலைச் சேவை சில நிலையங்களில் பலூன் பறக்கவிடுதலை நிறுத்துவதாகவும், வேறு சிலவற்றில் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைப்பதாகவும் அறிவித்தது. குறைக்கப்பட்டவற்றுள் இரண்டு, ஏரிக்கு மேற்கே விஸ்கொன்சினிலுள்ள கிறீன் பேயும், கிழக்கே மிச்சிகன் மாநிலத்திலுள்ள கேலோடும் ஆகும். இரண்டிற்கும் நடுவே ஏரியின் வடபாதி கிடக்கின்றது. அறிவித்தல் வெளியானது மார்ச் 20 ஆந் திகதி. சூ மதகுகளின் வழமையான திறப்புக்கு ஐந்து நாட்களே இருந்தன.